விட்டம் ஒரு மீட்டர்

வரைபடத்தின் வலது மூலையில்
ஒரு நீல வட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.
பக்கத்தில் பொடி எழுத்தில்
மழைநீர் உறிஞ்சு குழி,
விட்டம் ஒரு மீட்டர், ஆழம் ஒன்றரை.
அது நான் போட்டது.
ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வரைந்தேன்.
அப்புறமெல்லாம் ஒட்டுவதுதான்.

கோத்தகிரியில் ஒரு பேக்கரியின் மாடியில்
என் கம்ப்யூட்டர், என் பிளாட்டர், சரியாக மூடாத ஜன்னல்.
வீடு, காட்டேஜ்,
தேயிலைக் கொட்டகை என்று சொல்லிக் கட்டுகிற காட்டேஜ்,
எதுவானாலும் வட்டம் இல்லாமல் கோப்பு நகராது.
வட்டம் இருந்துவிட்டால்
அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.
நூற்றுப் பன்னிரண்டு குழிகள் என் கணக்கில்.
ஒன்றிலும் மண்வெட்டி விழவில்லை.

மெஹராஜ் பானு வந்தது புரட்டாசியில்.
உதவிப் பொறியாளர். ராமநாதபுரம் பக்கம்.
சரிவில் ஷூ வழுக்க வழுக்க இறங்கி
டேப்பை நீட்டி
"எங்கேங்க குழி?" என்றார்.
மேஸ்திரி தேவசகாயம் ஒரு ஹைட்ராஞ்சியா புதரைக் காட்டினார்.
நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திட்டவில்லை.
ஒரு பிடி மண்ணெடுத்துப்
பிசைந்து பார்த்தார், கொழுக்கட்டை மாவுபோல.
"தோண்டாததே நல்லதுங்க.
இந்த விதி எங்க ஊருக்குச் சரி. மணல். தட்டை.
அங்கே தரை குடிக்கணும்.
இங்கே மலை குடிச்சா
நிற்காது."

தேவசகாயம் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அப்படியானால் கூரைத் தண்ணீர் எங்கே போகும்
என்று யாரும் கேட்கவில்லை, நானும்.
ஐப்பசி கேட்டது.

மூன்று ராத்திரி.
பன்னிரண்டு சென்ட் கான்கிரீட்டில்
ஒரு நொடிகூட உட்காராமல்
கார் ஏறும் தளத்தில் வழிந்து,
லாரி திரும்ப வசதியாக மூடிய மோரியைத் தாண்டி
ரோட்டைக் குறுக்கே கடந்து
ஆல்துரையின் சமையலறைக்குள் போனது,
அழைத்த மாதிரி.
வடக்குச் சுவர் தொந்தி போட்டு நின்றது.
பாதி தீர்ந்த சிலிண்டர் மிதந்ததாம்.
யாரும் சாகவில்லை.
அதனால் பேப்பரில் வரவில்லை.

கார்த்திகையில் பானு மேடம் ஒரு வரைவு எழுதினார்,
மன்றத்தில் வைக்க, ஒன்றரைப் பக்கம்.
கூரை நீர் தொட்டியில் நிற்க வேண்டும்.
நிரம்பினால் கல் பாவிய வாய்க்காலில்
படிப்படியாய், ஓடை வரைக்கும்.
சரிவில் குழி கூடாது.
மோரியை மூடினால் வேலை நிறுத்தம்.
கடைசி வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன்:
தண்ணீர் மனையை விட்டு வெளியேறியபின்
முதலில் தொடும் கதவு யாருடையது
என்று படத்தில் எழுத வேண்டும்.

மன்றம் இன்னும் கூடவில்லை.
கூடினாலும் அந்த வரி தங்காது என்கிறார்கள்.

என் படங்கள் எல்லைக்கோட்டோடு முடியும்.
அதற்குக் கீழே வெள்ளைத் தாள்,
தலைப்பும் என் முத்திரையும் வைக்க.
இந்த வாரம் ஒரு காட்டேஜுக்கு
முத்திரையை ஓரமாய்த் தள்ளிவிட்டு
கீழே இறங்கிப் போய் அளந்தேன்.
ஒரு கதவு. மூன்றடி அகலம், பச்சை பெயின்ட்.
வாசலில் கேரட் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன.
பெயர் கேட்டேன். எதுக்கு, என்றாள். சொன்னேன்.
ரொம்ப நேரம் மேலே பார்த்துவிட்டு
"மாசின்னு போடுங்க.
புருஷன் பேர் வேண்டாம், வீடு என் பேர்ல."

நேற்று கோயம்புத்தூரிலிருந்து போன்.
"பிளான் நல்லா இருக்கும்மா.
கீழே என்னமோ ஒரு வீடு வந்திருக்கு பாருங்க,
அதை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்து
எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.